எட்டு மணிச் செய்தியின் முகம்: பாத்ரிக் புவாவ்ர் தார்வோர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்ஸில் மூன்று எழுத்தையோ நான்கு எழுத்தையோ சொன்னாலே ஊருக்கே ஆள் யார் என்று தெரிகிற பெயர்கள் சில உண்டு. 'பே பே தே ஆ' அப்படி ஒன்று: பாத்ரிக் புவாவ்ர் தார்வோர் என்ற பெயரின் முதலெழுத்துகள் (PPDA). இருபது வருடத்துக்கு மேல் அந்த நாட்டின் இரவு எட்டு மணிச் செய்தியைச் சொன்னவர். அவரைப் பற்றிய செய்தி இப்போது வேறு காரணங்களுக்காக வருகிறது. முன்கதை தெரியாமல் படித்தால் பாதி புரியாது. அதனால் வழக்கமாக வரும் கேள்விகளை ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன்.

யார் இவர்?

பாத்ரிக் புவாவ்ர் தார்வோர். 1947 செப்டம்பர் 20 அன்று, ஷாம்பெய்னுக்குப் பேர்போன ரான்ஸ் நகரில் பிறந்தவர். 1976 முதல் 1983 வரை ஆந்தென் 2 என்ற அரசு சேனலிலும், 1987 முதல் 2008 வரை டிஎஃப்1 என்ற தனியார் சேனலிலும் இரவுச் செய்தி தொகுத்து வழங்கினார். பக்கத்தில் நாவல்களும் எழுதினார், புத்தகங்களைப் பற்றிய நிகழ்ச்சிகளும் நடத்தினார்.

இவ்வளவு நீளப் பெயர் உண்மையில் அவருடையதுதானா?

பிறந்தபோது வைத்த பெயர் வெறும் பாத்ரிக் புவாவ்ர். புவாவ்ர் என்றால் மிளகு. 'தார்வோர்' என்ற வால் பின்னால் ஒட்டிக்கொண்டது. அவருடைய தாய்வழி முன்னோரில் கவிதை எழுதிய ஒருவர் 'ழான் தார்வோர்' என்ற புனைபெயர் வைத்திருந்தார். அதை இவர் எடுத்துக்கொண்டார். ஆர்வோர் என்பது பிரெத்தோன் மொழியில் கடலோர நிலம். பிரெஞ்சில் பெயருக்கு முன்னால் 'த' ஒலி வந்தால் ஜமீன் வம்சமோ என்று காது நினைத்துக்கொள்ளும். அப்படி எதுவும் இல்லை, மிளகுக்காரர்தான்.

எட்டு மணிச் செய்தி அப்படி என்ன பெரிய விஷயம்?

இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் பின்னால் வரும் எதுவும் புரியாது.

பிரான்ஸில் முதல் தொலைக்காட்சிச் செய்தி 1949 ஜூன் 29 அன்று, பியர் சபாக் என்பவர் தயாரிப்பில் வந்தது. அப்போது டிவி வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். ஆனால் 1960களில் செய்தி நேரம் வீட்டுக்கு வீடு ஒரு வழக்கமாகிவிட்டது. எட்டு மணிக்குச் சாப்பாட்டு மேசை, மேசைக்கு எதிரே செய்தி. ஞாயிறு பூசை மாதிரி என்பதால் இதைப் 'பெரும் பூசை' என்றே பிரெஞ்சுக்காரர்கள் கிண்டலாகச் சொல்வார்கள்.

பூசை என்றால் பூசாரியை நியமிப்பவர் ஒருவர் இருக்க வேண்டுமே. ரொம்ப காலம் அது அரசாங்கம்தான். 1963இல் புதிய வடிவச் செய்தி தொடங்கியபோது தகவல் துறை அமைச்சர் அலென் பெரெஃபித் தாமே செய்தி அரங்குக்கு வந்து உட்கார்ந்து, இனிமேல் செய்தி இப்படித்தான் இருக்கும் என்று நாட்டுக்கு விளக்கினார். பக்கத்தில் லியோன் சித்ரோன் என்ற பிரபல தொகுப்பாளர் பவ்யமாக உட்கார்ந்திருந்தார். அமைச்சர் வந்து செய்தியை அறிமுகம் செய்வது அன்றைக்கு யாருக்கும் விநோதமாகத் தெரியவில்லை. வானொலி, தொலைக்காட்சி இரண்டையும் நடத்திய ஓஆர்டிஎஃப் என்ற ஒற்றை அரசு நிறுவனத்தை 1974இல் கலைத்து ஏழு நிறுவனங்களாகப் பிரித்தார்கள். அதில் பிறந்தவைதான் டிஎஃப்1, ஆந்தென் 2 எல்லாம். 1987இல் டிஎஃப்1ஐ விற்றார்கள். வாங்கியது கட்டடம், சாலை, பாலம் கட்டும் புயிக் குழுமம்.

ஆக, அந்த நாற்காலிக்கு அரசியல்வாதி முதலில் முதலாளி, பிறகு ஒப்பந்தக்காரர் முதலாளி. நம்ம ஆள் இரண்டு காலத்திலும் அதில் உட்கார்ந்தவர்.

எழுதிக் கொடுத்ததைப் படிப்பவருக்கு இவ்வளவு மதிப்பா?

அங்கே செய்தி தொகுப்பவர் வெறும் வாசிப்பாளர் இல்லை. பத்திரிகையாளர் அடையாள அட்டை உள்ளவர். எது முதல் செய்தி, எது பின்னால் என்பதில் அவருடைய சொல் செல்லும். தன் வாய்ச்சொல்லைத் தானே எழுதிக்கொள்வார். ஜனாதிபதியைப் பேட்டி எடுப்பவரும் அவர்தான். ஜூலை 14 தேசிய தினத்தன்று எலிசே மாளிகையில் ஜனாதிபதி பேட்டி கொடுக்கும் வழக்கம் இருந்தது. எதிரே உட்காருபவர்கள் பெரும்பாலும் எட்டு மணி முகங்கள்தான்.

எப்படி அந்த இடத்துக்கு வந்தார்?

ஃப்ரான்ஸ் இன்டர் வானொலி நடத்திய ஒரு போட்டியில் ஜெயித்து 1970களின் தொடக்கத்தில் உள்ளே நுழைந்தார். ஆந்தென் 2இல் அரசியல் செய்தியாளர், பிறகு 1976இல் இரவுச் செய்தி. அப்போது வயது முப்பதைத் தொடவில்லை. 1982இல் வந்த முதல் நாவலும் நன்றாக விற்றது. 1983இல் ஆந்தென் 2ஐ விட்டார். நான்கு வருடம் கழித்து, விற்கப்பட்ட டிஎஃப்1 தன் புது முகமாக அவரைக் கொண்டுவந்தது.

அவருடைய பாணியைச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்த மாட்டார். தலை கொஞ்சம் சாய்ந்திருக்கும், உதடு அதிகம் அசையாது, கெட்ட செய்தியையும் தூங்கும் குழந்தை எழுந்துவிடக் கூடாது என்பது போலச் சொல்வார். அவருக்கு முந்தைய தலைமுறையில் ரொழே ழிக்கேல் என்பவர் 1976 பிப்ரவரி 18 அன்று, ஒரு சிறுவன் கடத்திக் கொல்லப்பட்ட செய்தியை 'பிரான்ஸ் பயந்திருக்கிறது' என்ற வாக்கியத்தோடு தொடங்கினார். அது இன்றுவரை பேசப்படுகிறது. புவாவ்ர் தார்வோர் நேர்மாறு. அவர் பயமுறுத்தமாட்டார், ஆறுதல் சொல்வார். டிஎஃப்1 மாதிரி விளம்பரத்தில் ஓடும் சேனலுக்கு அதுதான் தேவை. அந்த சேனலின் தலைவர் பாத்ரிக் லெ லே 2004இல் ஒரு புத்தகத்துக்கான பேட்டியில் வெளிப்படையாகவே சொன்னார்: நாங்கள் கோகோ கோலாவுக்கு விற்பது, பார்ப்பவர் மூளையில் காலியாக இருக்கும் நேரத்தை.

காஸ்ட்ரோ பேட்டி விவகாரம் என்ன?

1991 டிசம்பர் 16. கியூபா தலைவர் ஃபிடல் காஸ்ட்ரோவின் பேட்டி என்று டிஎஃப்1 ஒளிபரப்பியது. சோவியத் யூனியன் கலைந்துகொண்டிருந்த நேரம். அடுத்து கியூபாவா என்று உலகமே கேட்டுக்கொண்டிருந்தது. புவாவ்ர் தார்வோரும் சக செய்தியாளர் ரெழி ஃபொக்கோனும் கேட்கிறார்கள், காஸ்ட்ரோ பதில் சொல்கிறார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அப்படி ஒரு பேட்டியே நடக்கவில்லை. காஸ்ட்ரோ ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு நடத்தினார். அறை நிறைய நிருபர்கள், ஆளுக்கொரு கேள்வி. அந்தப் பதில்களை வெட்டி எடுத்து, நடுநடுவே இவர் கேள்வி கேட்பது போன்ற காட்சிகளைச் சேர்த்து ஒட்டியிருந்தார்கள். யாரோ கேட்ட கேள்விக்கு வந்த பதில், இவர் கேட்ட கேள்விக்கு வந்ததாகிவிட்டது.

1992 ஜனவரியில் இது வெளியே வந்தது. பியர் கார்ல் என்ற இளைஞர் பத்திரிகையாளர் சந்திப்பின் முழுப் பதிவையும் ஒளிபரப்பான 'பேட்டி'யையும் அருகருகே வைத்துப் போட்டுக் காட்டினார், அதுவும் போட்டி சேனலான ஆந்தென் 2இல். அதன் பிறகு விளக்கம் சொல்ல அதிகம் இடமில்லை.

பேட்டி முடிந்த பிறகு கேள்வியைத் தனியாகப் படம் பிடிப்பது எல்லோரும் செய்வதுதானே?

ஆமாம், நியாயமான கேள்வி. ஒரே கேமராவோடு போகும் குழு, பேட்டி கொடுப்பவர் முகத்தின் மேல்தான் கேமராவை வைக்கும். எல்லாம் முடிந்ததும் கேமராவைத் திருப்பி, நிருபர் அதே கேள்வியை மறுபடி கேட்பதையும் தலையாட்டுவதையும் எடுத்துக்கொள்ளும். எடிட்டிங்கில் இரண்டையும் கோத்தால் உரையாடல் ஓடும். உலகம் முழுக்க நடப்பதுதான்.

அங்கே ஒரு கேள்வி உண்மையில் கேட்கப்பட்டது, அந்தப் பதில் அதற்குத்தான் வந்தது. இங்கே கேள்வி கேட்டவரே வேறு. தையல் போட்ட துணியையும் வேறொருவர் சட்டையையும் ஒன்று என்று சொல்ல முடியாது அல்லவா? பார்த்துக்கொண்டிருந்த பல லட்சம் பேருக்கு, தங்கள் எட்டு மணிக்காரர் காஸ்ட்ரோ எதிரே உட்கார்ந்து கேட்கிறார் என்ற நினைப்பு. அதைத்தான் விற்றார்கள்.

வேலை போயிற்றா?

இல்லை. திட்டு வாங்கினார், கேலிக்கு ஆளானார், நாற்காலி அப்படியே இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இனி வருவதற்கெல்லாம் இது முன்மாதிரி.

பொத்தோன் வழக்கு?

பியர் பொத்தோன் ஒரு தொழிலதிபர். லியோன் நகர மேயராகவும் அமைச்சராகவும் இருந்த மிஷெல் நுவாரின் மருமகன். மாமனாரை ஜனாதிபதி ஆக்குவது அவருடைய கனவு. அதற்கு அரசியலில் கூட்டம் சேர்ப்பதைவிட, டிவியில் வருபவர்களைச் சேர்ப்பது மேல் என்று முடிவு செய்தார். விமானப் பயணம், ஹோட்டல், விருந்து, பரிசு. செலவெல்லாம் தன் கம்பெனிகளின் கணக்கில். கம்பெனிப் பணத்தைச் சொந்த ஆசைக்குச் செலவு செய்வது பிரெஞ்சுச் சட்டப்படி குற்றம். அப்படி வந்தது என்று தெரிந்தும் அனுபவித்தவரும் குற்றவாளி, திருட்டுப் பொருளை வாங்கியவர் மாதிரி.

அந்த இரண்டாவது பிரிவில்தான் புவாவ்ர் தார்வோர் மாட்டினார். 1996 ஜனவரியில் லியோன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு 15 மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனையும் 2 லட்சம் ஃபிராங்க் அபராதமும் விதித்தது. உள்ளே போகவில்லை, ஆனால் தண்டனை தண்டனைதான்.

அப்புறமும் செய்தி சொன்னாரா?

சொன்னார். சிறிது காலம் திரையில் இல்லை, பிறகு வந்தார். மேலும் பன்னிரண்டு வருடம்.

அரசியல்வாதிகளின் ஊழலைப் பற்றி, நீதிமன்றத் தீர்ப்புகளைப் பற்றி, அதே மென்மையான குரலில். பிரான்ஸில் இதற்குக் கொதித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் ரிமோட்டை வைத்திருந்தவர்கள் சேனலை மாற்றவில்லை. சேனல் தரப்பில் பார்த்தால் கணக்கு சுலபம்: அவர் முகம் விளம்பரம் கொண்டுவருகிறது. பார்ப்பவர்கள் பக்கம் இருந்தது வேறு விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. தினமும் சாப்பாட்டு மேசைக்கு வருகிற ஆளை வீட்டு ஆளாகவே எண்ணிவிடுகிறோம். வீட்டு ஆள் மேல் வழக்கு வந்தால் வக்கீல் மாதிரி வாதாடத்தான் தோன்றும்.

அந்தப் பொம்மை என்ன கதை?

நான் அந்தப் பொம்மையைத்தான் முதலில் பார்த்தேன், மனிதரைப் பிறகுதான். கனால் ப்ளூஸ் சேனலில் 1988இல் தொடங்கி முப்பது வருடம் ஓடிய 'லே கீன்யோல்' என்ற ரப்பர் பொம்மைச் செய்தி நிகழ்ச்சி. அதில் செய்தி தொகுப்பவர் புவாவ்ர் தார்வோரின் பொம்மை. வழுக்கை எட்டிப்பார்க்கும் தலை, பாதி மூடிய கண், இவ் லெகோக் என்ற குரல் கலைஞரின் சோம்பல் கலந்த குரல். ஜனாதிபதி, போப், கால்பந்து வீரர் என்று எல்லாப் பொம்மையும் வந்து உளறிவிட்டுப் போகும், இவர் மட்டும் அசராமல் அடுத்த செய்திக்குப் போவார். 'நீங்கள் டிவி ரொம்பப் பார்க்கிறீர்கள்' என்பது அந்த நிகழ்ச்சியின் அடையாள வாக்கியம்.

கேலி செய்யப்படுவது ஒருவரைக் குலைக்கும் என்று நினைப்போம். இங்கே நேர்மாறு நடந்தது. எல்லோரும் கோமாளிகளாக இருக்கும் உலகத்தில் நிதானமான ஒரே ஆள் என்ற பிம்பத்தை அந்தப் பொம்மைதான் இளைஞர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. மனிதருக்கு வேலை போன பிறகும் பொம்மைக்கு வேலை போகவில்லை. பல வருடம் அதுவே செய்தி சொல்லிக்கொண்டிருந்தது.

மகளைப் பற்றி ஏன் எழுதினார்?

அவருடைய மகள் சோலென் அனோரெக்சியா என்ற பசியின்மை நோயால் நீண்ட காலம் அவதிப்பட்டு, 1995 ஜனவரியில் 19 வயதில் இறந்தார். அவர் உயிரோடு இருந்தபோதே அந்த நோயைப் பற்றி அப்பா கடித வடிவில் ஒரு புத்தகம் எழுதினார், இறந்த பிறகு இன்னொன்று. பெண் பிள்ளைகள் சாப்பிட மறுப்பதை 'பிடிவாதம்' என்று வீட்டுக்குள் மூடி வைத்த காலம் அது. பிரான்ஸில் அந்த நோய் வெளிப்படையாகப் பேசப்பட அவருடைய புத்தகங்களும் ஒரு காரணம். பாரீஸில் கொஷேன் மருத்துவமனையோடு சேர்ந்து, வளரிளம் பருவத்தினருக்கான ஒரு மையம் 2004இல் திறக்கப்பட்டது. அதன் பெயர் 'சோலெனின் வீடு'. இன்றும் இயங்குகிறது.

இதை இங்கே சேர்ப்பதா என்று யோசித்தேன். மற்ற விவகாரங்களுக்கு இது சமாதானம் ஆகாது. ஆனால் மக்கள் அவர் மேல் வைத்த அன்புக்கு இது ஒரு பெரிய காரணம். அதை விட்டுவிட்டால் படம் பொய்யாகிவிடும்.

2008இல் ஏன் நீக்கினார்கள்?

ஜூன் மாதம் செய்தி கசிந்தது. ஜூலை 10 அன்று கடைசி ஒளிபரப்பு. ஆகஸ்ட் 25இல் இருந்து லொரான்ஸ் ஃபெராரி அந்த நாற்காலியில். சேனலின் அப்போதைய தலைவர் நோன்ஸ் பவோலினி. புதுசாக வந்தவர், எல்லாவற்றையும் புதுப்பிக்க வந்தவர்.

சேனலின் காரணம் வியாபாரம். 2005 மார்ச்சில் பிரான்ஸில் இலவச டிஜிட்டல் சேனல்கள் வந்தன. அதுவரை ஆறு சேனல் பார்த்தவர்களுக்குச் சில மாதங்களிலேயே பதினைந்துக்கும் மேல். எட்டு மணிக்கு எல்லோரும் ஒரே இடத்தில் கூடுவது அன்றிலிருந்து குறைய ஆரம்பித்தது. இன்டர்நெட் வேறு. அறுபது வயதுத் தொகுப்பாளரை மாற்றினால் இளசுகள் வருவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். ஃபெராரி 2012 வரைதான் இருந்தார் என்பதை வைத்துக் கணக்கு எவ்வளவு பலித்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

கவனியுங்கள்: போலிப் பேட்டிக்குப் போகாத வேலை, நீதிமன்றத் தண்டனைக்குப் போகாத வேலை, பார்வையாளர் எண்ணிக்கைக்குப் போனது.

சர்க்கோசிதான் தூக்கினார் என்கிறார்களே?

அந்தப் பேச்சுக்கு ஒரு காட்சி காரணம். 2007 ஜூன். நிக்கோலா சர்க்கோசி ஜனாதிபதியாகி ஒரு மாதம். ஜெர்மனியில் நடந்த ஜி8 மாநாட்டுக்குப் போய்வந்திருந்தார். எலிசே மாளிகையில் நேரடிப் பேட்டி. பக்கத்தில் வார இறுதிச் செய்தி சொல்லும் க்ளேர் ஷசால். புவாவ்ர் தார்வோர் அதே மிருதுவான குரலில் கேட்டார்: உலகத் தலைவர்கள் நடுவே நீங்கள் மிக இயல்பாக இருந்தீர்கள், கொஞ்சம் பரபரப்பாகவும்கூட, பெரிய பையன்கள் விளையாடும் இடத்துக்குள் முதல்முறை நுழையும் சின்னப் பையன் மாதிரி.

ஜனாதிபதியின் முகத்தில் சிரிப்பு இருந்தது, சிரித்த மாதிரி இல்லை.

டிஎஃப்1ஐ வைத்திருந்த மார்த்தென் புயிக், சர்க்கோசியின் நெருங்கிய நண்பர், அவருடைய ஒரு மகனுக்கு ஞானத்தந்தை. ஒரு வருடம் கழித்து வேலை போனதும் ஊர் இரண்டையும் முடிச்சுப் போட்டது. சம்பந்தப்பட்டவர்கள் மறுத்தார்கள். நான் இதை முழுதாக நம்பவில்லை. கோபம் ஒரு வருடம் காத்திருக்காது, சந்தைப் பங்கு காத்திருக்கும். ஆனால் நீங்கள் நம்பினால், நம்புவதற்கு வழி வைத்தது அந்த நட்பு. செய்தி சேனல் முதலாளியும் ஜனாதிபதியும் குடும்ப நண்பர்களாக இருந்தால் எதையும் யாரும் நம்புவார்கள்.

இதில் அவருக்கு ஒரு லாபமும் கிடைத்தது. இருபத்தொரு வருடம் அதிகாரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், ஒரே இரவில் அதிகாரத்தால் பழிவாங்கப்பட்டவர் ஆனார். போன கையோடு அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். வெளியேறும்போது போட்ட ஒப்பந்தத்தில் சேனலைக் குறைசொல்லக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. சேனல் வழக்குப் போட்டது. 4 லட்சம் யூரோ கட்டச் சொல்லித் தீர்ப்பானது.

எழுத்தாளராக அவர் எப்படி?

நிறைய எழுதினார். 2000இல் ஒரு நாவலுக்கு அந்தராலியே பரிசு கிடைத்தது. அது பத்திரிகையாளர்கள் எழுதும் நாவல்களுக்கு என்று தொடங்கிய, மதிப்புள்ள பரிசு. டிஎஃப்1இல் நள்ளிரவை ஒட்டி அவர் நடத்திய புத்தக நிகழ்ச்சிகள் எழுத்தாளர்களுக்கு முக்கியம். அந்த மேசைக்கு அழைப்பு வந்தால் புத்தகம் விற்கும். பதிப்பகங்களுக்கு அவர் ஒரே நேரத்தில் ஆசிரியர், விமர்சகர், விற்பனைப் பிரதிநிதி. இதில் உள்ள சிக்கலைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

காப்பி அடித்தார் என்பது?

2011 ஜனவரி. ஹெமிங்வேயின் வாழ்க்கை வரலாறு ஒன்றை அவர் பெயரில் வெளியிடத் தயாராக இருந்தார்கள். பத்திரிகைகளுக்கு முன்கூட்டியே பிரதிகள் போயிருந்தன. லெக்ஸ்பிரஸ் வார இதழ் ஒப்பிட்டுப் பார்த்தது. பீட்டர் கிரிஃபின் என்ற அமெரிக்கர் 1985இல் எழுதிய ஹெமிங்வே வரலாற்றில் இருந்து, கிட்டத்தட்ட நூறு பக்க அளவுக்கு, சொல்லைக் கொஞ்சம் மாற்றியும் மாற்றாமலும் எடுத்திருந்தார்கள் என்று பக்கம் பக்கமாகக் காட்டியது.

பதிப்பகம் சொன்ன விளக்கம்தான் இதில் சுவாரஸ்யம்: தவறுதலாக வேலைப் பிரதி அச்சுக்குப் போய்விட்டது, இறுதிப் பிரதி வேறு. அதாவது குறிப்பெடுத்த தாள்கள் புத்தகமாகிவிட்டன. சரி, வைத்துக்கொள்வோம். திருத்திய புத்தகம் பிறகு கடைக்கு வந்தது.

அதே 2011இல் இன்னொரு அடி. முன்னாள் தோழி ஒருவர், தான் எழுதிய கடிதங்களை அவர் ஒரு நாவலில் பயன்படுத்திவிட்டார் என்று தொடுத்த வழக்கில், தனியுரிமையை மீறினார், கடிதங்களை அனுமதியின்றி எடுத்தாண்டார் என்று பாரீஸ் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

2021இல் என்ன நடந்தது?

பிப்ரவரியில் ஃப்ளோரன்ஸ் போர்செல் என்ற எழுத்தாளர், 2004இலும் 2009இலும் அவர் தன்னைப் பாலியல் வன்புணர்வு செய்தார் என்று புகார் கொடுத்தார். நான்தேர் நகர அரசு வழக்கறிஞர் அலுவலகம் விசாரித்தது. விசாரணையில் மொத்தம் 23 பெண்கள் சாட்சி சொன்னார்கள், அவர்களில் சிலர் தாங்களும் புகார் கொடுத்தார்கள். ஜூன் மாதம் வழக்கை முடித்துவிட்டார்கள். பல சம்பவங்களுக்குக் காலவரம்பு தாண்டிவிட்டது, மற்றவற்றுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்பது காரணம்.

அது முடிவாகவில்லை. நவம்பரில் லிபரேசியோன் நாளிதழ் எட்டுப் பெண்களின் முகங்களை முதல் பக்கத்தில் போட்டது. பெயரும் முகமும் மறைக்காமல் பேசுகிறோம் என்று அவர்களே முன்வந்தார்கள். 2022 மே மாதம் மெதியாபார் இணையப் பத்திரிகையின் அரங்கில் இருபது பெண்கள் ஒரே நேரத்தில் உட்கார்ந்து பேசினார்கள். ஒரே நாற்காலியில் ஒரே ஆள் பேசும் செய்தி அரங்கையே பார்த்துப் பழகிய நாட்டில், வரிசையாக இருபது பேர்.

சாட்சியங்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. எட்டு மணிச் செய்தியை அரங்கிலேயே உட்கார்ந்து பார்க்க வாருங்கள் என்று அழைப்பு. விளக்கு, கேமரா, சிவப்பு விளக்கு எரிந்ததும் எல்லோரும் மூச்சைப் பிடிப்பது, எதிரே நாடே பார்க்கும் ஆள். செய்தி முடிந்ததும் மேலே அவருடைய அறைக்கு. அங்கே நடந்தது என்று அவர்கள் சொல்வதைத்தான் புகார்களில் எழுதியிருக்கிறார்கள். அழைக்கப்பட்டவர்களில் பலர் வேலை தேடும் இளம் பத்திரிகையாளர்கள், எழுத்தாளராக விரும்பியவர்கள், அவருக்குக் கடிதம் எழுதிய ரசிகைகள்.

1990களில் அவருடைய உதவியாளராக வேலை பார்த்த எலேன் தெவேங்க் என்ற பத்திரிகையாளரும் சாட்சி சொன்ன பெண்களில் ஒருவர். 2022இல் இதைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு 'தண்டனையின்மை' என்ற பொருள்படும் ஒற்றைச் சொல்லைத் தலைப்பாக வைத்தார்.

அவர் என்ன சொல்கிறார்?

எல்லாவற்றையும் மறுக்கிறார். 2021 மார்ச்சில் ஒரு டிவி நிகழ்ச்சியில் தோன்றி, யாரையும் கட்டாயப்படுத்தியது இல்லை என்றார். கழுத்தில் சின்ன முத்தம், பாராட்டு, கொஞ்சம் வசீகரம், இதெல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பிடிப்பதில்லை என்ற பொருளில் பேசினார். தன்னைக் காப்பாற்றச் சொன்ன அந்த வாக்கியம்தான் மற்ற பல பெண்களைப் பேசத் தூண்டியது. 2022இல், தன் மேல் சாட்சி சொன்ன 16 பெண்கள் மீது பொய்ப் புகார் என்று வழக்குத் தொடுத்தார்.

வழக்கு இப்போது எந்த நிலையில்?

போர்செல் மறுபடி முறையிட்டு, விசாரணை நீதிபதியின் கைக்கு வழக்கைக் கொண்டுபோனார். 2023 டிசம்பரில், 2009இல் நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவத்துக்காக அவர் முறைப்படி குற்ற விசாரணைக்கு உட்படுத்தப்பட்டார். பிரெஞ்சு நடைமுறையில் இது தீர்ப்பு அல்ல. தீவிரமான அல்லது ஒன்றுக்கொன்று பொருந்தும் முகாந்திரங்கள் இருப்பதாக நீதிபதி கருதுகிறார் என்று பொருள், அவ்வளவுதான். எந்த நீதிமன்றமும் அவரை வன்புணர்வுக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கவில்லை. அவரைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டை விடக்கூடாது. பொத்தோன் வழக்கில் தண்டனை என்று எழுதலாம், இதில் புகார் என்றுதான் எழுத வேண்டும்.

காலவரம்பு என்பது என்ன?

பெரியவர்கள் மீதான வன்புணர்வுக்கு அங்கே 10 வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. 2017 பிப்ரவரியில் அதை 20 ஆக்கினார்கள். ஆனால் புதுச் சட்டம் வரும்போதே பழைய கணக்கில் காலாவதி ஆனவை மறுபடி உயிர் பெறாது. 1990களில் நடந்ததாகச் சொல்லப்படுபவை பெரும்பாலும் அப்படித்தான் விழுந்தன. தங்களுடையது செத்த வழக்கு என்று தெரிந்தே பல பெண்கள் போய்ச் சாட்சி சொன்னார்கள், காலம் மிச்சமிருக்கும் ஒருத்திக்குத் துணையாக.

டிவி உலகில் ஏதாவது மாறியதா?

சாட்சி சொன்ன பெண்கள் சேர்ந்து 'மீடூ மீடியா' என்ற சங்கம் தொடங்கினார்கள். சேனல்களில் புகார் கொடுக்க வழிகள் வந்தன. டிஎஃப்1இல் அந்த நாளில் யாருக்கு என்ன தெரியும் என்ற கேள்விக்கு ஆளாளுக்கு ஒரு பதில். 'பெண்கள் விஷயத்தில் அப்படி இப்படி' என்று தெரியும், குற்றம் என்று தெரியாது என்பது நிறையப் பேர் சொன்ன பதில்.

பழைய ஒளிபரப்புகளைப் பார்க்க முடியுமா?

முடியும். ஓஆர்டிஎஃப் கலைந்த பிறகு 1975இல் உருவான இனா என்ற தேசிய ஒலி-ஒளி ஆவணக் காப்பகம் பழைய செய்திகளைப் பாதுகாக்கிறது. 2006 முதல் ஏராளமானவை இணையத்திலேயே கிடைக்கின்றன. மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அமைச்சர் பெரெஃபித் செய்தி அரங்கில் உட்கார்ந்திருக்கும் 1963 துண்டையும், 2007 எலிசே பேட்டியையும் அடுத்தடுத்துப் பாருங்கள். இரண்டாவதில் அந்த 'சின்னப் பையன்' வாக்கியம் வரும்போது ஒலியை நிறுத்திவிட்டு ஜனாதிபதியின் கண்ணை மட்டும் பாருங்கள். அப்புறம் திருப்பிப் போட்டு, கேட்டவரின் கண்ணை.